ஒரு வீடு, ஒரு கலம்: வகை மாறிகளுக்கிடையிலான தொடர்பை ஆர் மொழியில் சோதிப்பது

திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவிலோ மூதூரிலோ வளவு வளவாக நுளம்புக் குடம்பி தேடிப் போகிறவரின் கையில் இருக்கும் படிவம் மிகச் சாதாரணமானது. நீர் எதில் சேமிக்கப்படுகிறது? திறந்த சீமெந்துத் தொட்டி, பீப்பாய், மூடியுள்ள தாங்கி. குடம்பி இருந்ததா? ஆம், இல்லை. எந்தப் பிரதேச செயலாளர் பிரிவு? துண்டுப்பிரசுரம் கிடைத்ததா? இப்படி எல்லாமே சரி அடையாளங்கள்தான், அதாவது வகை மாறிகள். சராசரி எடுக்கவோ வரைபுக் கோடு இழுக்கவோ அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி அந்த அடையாளங்களுக்குள்ளேதான் இருக்கிறது: நீரைச் சேமிக்கும் விதத்துக்கும் குடம்பி இருப்பதற்கும் தொடர்பு உண்டா, இல்லையா?

திருகோணமலையில் இது புத்தகக் கேள்வி அல்ல. 2017இல் இலங்கை முழுவதும் 186,000இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் கிண்ணியா மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி நுளம்பு வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். ஐப்பசி முதல் தை வரை வாடை மழை சிரட்டையையும் டயரையும் நிரப்புகிறது. மழை ஓய்ந்து தண்ணீர் தட்டுப்படும் மாதங்களில் அதே வேலையை நாமே தொட்டியிலும் பீப்பாயிலும் நீர் பிடித்து வைத்துச் செய்துகொடுக்கிறோம். ஆகவே எந்தப் பாத்திரத்தை முதலில் மூடச் சொல்வது என்பதற்கு ஒரு கணக்கு தேவைப்படுகிறது. அந்தக் கணக்கைப் புள்ளிவிவரக் கணிப்புக்கான ஆர் (R) என்ற கணினி மொழியில் எப்படிச் செய்வது, எங்கே அது பிழைக்கும் என்பதே இந்தக் கட்டுரை. இங்கே வரும் வீட்டு எண்ணிக்கைகள் யாவும் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. எந்தக் கள ஆய்வின் முடிவும் அல்ல.

கட்டளைப் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். ஆர் கட்டளைகளை எழுதி ஓட்டும் ஆர்ஸ்டூடியோவில் முதல் மூன்று நான்கு எழுத்தைத் தட்டினால் மீதியை அதுவே நீட்டிக் காட்டும்.

கலத்தில் நிற்பது யார்?

கணினியைத் திறப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கவேண்டும். அட்டவணையின் ஒரு கலத்துக்குள், அதாவது ஒரு நிரையும் (கிடைவரிசை) ஒரு நிரலும் (நெடுவரிசை) வெட்டும் பெட்டிக்குள், நாம் எண்ணுவது வீட்டையா, பாத்திரத்தையா, ஆளையா?

டெங்குக் கள வேலையில் இந்த வேறுபாடு ஏற்கெனவே பெயர்களோடு இருக்கிறது. குடம்பி கண்ட வீடுகளின் நூற்றுவீதம் வீட்டுச் சுட்டி. குடம்பி கண்ட பாத்திரங்களின் நூற்றுவீதம் கொள்கலச் சுட்டி. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் குடம்பி கண்டது என்பது பிரேட்டோ சுட்டி; ஒரு வீட்டிலேயே பல பாத்திரங்கள் அகப்படலாம் என்பதால் அது நூறைத் தாண்டவும் கூடும். மூன்றும் ஒரே களப் பயணத்திலிருந்து வருகின்றன, ஆனால் எண்ணும் அலகு வேறு.

கை வர்க்கச் (χ²) சோதனை, அதாவது அட்டவணையில் கண்ட எண்ணிக்கைகள் தொடர்பே இல்லாதபோது வரவேண்டியவற்றிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் சோதனை, ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: எண்ணப்பட்ட ஒவ்வொன்றும் ஒரே ஒரு கலத்துக்குள் ஒரே ஒரு முறை விழவேண்டும், ஒன்று விழுந்த இடம் மற்றது விழும் இடத்தைத் தீர்மானிக்கக்கூடாது. ஒரு வளவுக்குள் ஐந்து பாத்திரங்கள் இருந்து, ஐந்தையும் தனித்தனி நிரையாகப் பதிந்து சோதனைக்குக் கொடுத்தால் அந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. பக்கத்துப் பாத்திரத்தில் முட்டையிட்ட நுளம்பு இதையும் விட்டுவைக்காது. 240 வீட்டிலிருந்து 1,000 பாத்திரம் என்று கணக்குக் காட்டினாலும் உங்கள் கையில் 1,000 சுயாதீனமான சாட்சிகள் இல்லை.

‘பொருந்துவன எல்லாவற்றையும் அடையாளமிடுக’ என்ற வகைக் கேள்வியிலும் இதே பிழைதான். தொட்டியும் பீப்பாயும் வைத்திருக்கும் வீடு இரண்டு நிரைகளிலும் எண்ணப்படும். மொத்தம் வீடுகளின் தொகையை மீறும். ஒவ்வொரு தெரிவையும் தனித்தனி ஆம்/இல்லை மாறியாகப் பிரித்துவிடுங்கள். அல்லது ‘பிரதான சேமிப்புப் பாத்திரம் எது?’ என்று வினாக்கொத்திலேயே ஒன்றைத் தெரியச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் இனி ஒரு வீடு ஒரே ஒரு கலம்.

தமிழில் பதிந்த தரவு ஏன் தனிக் கவனம் கேட்கிறது

பாடநூல்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை, ஆனால் நம் மாவட்டத்தில் அதிக நேரம் தின்பது இதுதான். படிவங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. பழைய கோப்புகள் யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. யுனிகோடுக்கு மாற்றியபின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் வகைகளை எண்ணும் ‘டேபிள்’ கட்டளை மூதூரை இரண்டாகக் காட்டும். காரணம், ஒன்றில் ‘தூ’ ஒரே நெடில் குறியோடு இருக்கிறது. மற்றதில் யாரோ ‘து’வை அடித்து அதன் பின்னால் ஒரு கால் குறி போட்டிருக்கிறார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு ஊர்கள்.

தோப்பூரில் இன்னொரு வகைச் சிக்கல் வரலாம். ‘தோ’ என்பதன் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். யுனிகோட் விதிப்படி இவை சமமானவை. ஆகவே ‘ஸ்ட்ரிங்ஐ’ பொதியிலுள்ள (பொதி என்பது ஆருக்குக் கூடுதலாக நிறுவும் கட்டளைத் தொகுப்பு) என்எஃப்சி இயல்பாக்கக் கட்டளை இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘து’வும் காலும் சேர்ந்ததை அது ‘தூ’ ஆக மாற்றாது, ஏனெனில் அந்தச் சேர்க்கையை யுனிகோட் சமமானதாகக் கொள்வதில்லை. அதை நீங்களே தேடி மாற்றவேண்டும். ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் அடிக்கப்பட்ட இடங்களும் அப்படித்தான். சொல்லின் முடிவில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் ‘ட்ரிம்டபிள்யூஎஸ்’ கட்டளையோடு போய்விடும்.

நான் பரிந்துரைக்கும் வழி எளியது: இடப்பெயரைத் தட்டச்சே செய்யாதீர்கள். மாவட்டத்தில் பிரதேச செயலாளர் பிரிவுகள் 11 மட்டும்தான். 1 முதல் 11 வரை குறியீடு கொடுத்து, பெயரை ஆருக்குள் ‘ஃபேக்டர்’ கட்டளையால் ஒட்டுங்கள். ஏற்கெனவே தட்டச்சாகிவிட்டது என்றால், முதல் வேலையாக ஒவ்வொரு மாறிக்கும் தனியே ‘டேபிள்’ போட்டு வகைகளை எண்ணுங்கள். 11 வரவேண்டிய இடத்தில் 17 வந்தால் சோதனைக்குப் போகவேண்டாம்.

விண்டோஸ் கணினியில் ஆர் 4.2இற்கு முந்தைய பதிப்பு இருந்தால் தமிழ் எழுத்து உடைந்து தெரிய வாய்ப்புண்டு. 2022இல் வந்த 4.2இலிருந்து யுடிஎஃப்-8 அங்கே இயல்பான குறிமுறை ஆகிவிட்டது. புதிய பதிப்பைப் போடுவதே அதற்கு மருந்து. எக்ஸெலிலிருந்து சேமிக்கும்போதும் யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற தெரிவையே எடுக்கவேண்டும். வெறும் சிஎஸ்வி தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும்.

விடுபட்ட பதில்களையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ‘டேபிள்’ கட்டளை வெற்றுப் பதிலைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். ‘யூஸ்என்ஏ’ என்ற தெரிவுக்கு ‘இஃப்எனி’ கொடுத்தால் அவையும் ஒரு நிரையாகத் தெரியும். பகலில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரே கிராம அலுவலர் பிரிவில் குவிந்திருந்தால் அதுவே ஒரு தகவல். அவற்றை அழித்துவிட்டு மிஞ்சியதை மட்டும் சோதித்தால், வீட்டில் ஆள் இருக்கும் குடும்பங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள்.

அட்டவணையைக் கண்ணால் வாசிப்பது

240 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். திறந்த சீமெந்துத் தொட்டி உள்ளவை 80; அவற்றில் 28இல் குடம்பி. பீப்பாய் உள்ளவை 70, 21இல் குடம்பி. மூடியுள்ள தாங்கி உள்ளவை 90, 11இல் குடம்பி. மொத்தம் 60 வீடுகளில் குடம்பி, 180இல் இல்லை.

‘ப்ரொப் டேபிள்’ கட்டளைக்கு 1 கொடுத்தால் நிரை வழியாகவும் 2 கொடுத்தால் நிரல் வழியாகவும் விகிதம் வரும். காரணமாக இருக்கலாம் என்று நாம் நினைக்கும் மாறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் 100 ஆகவேண்டும். இங்கே பாத்திரம் நிரையில் இருப்பதால் நிரை விகிதம்: தொட்டியில் 35 வீதம், பீப்பாயில் 30 வீதம், தாங்கியில் 12.2 வீதம். இதைத் தலைகீழாக எடுத்து, ‘குடம்பி கண்ட வீடுகளில் 47 வீதம் தொட்டி வீடுகள்’ என்று எழுதினால், தொட்டி அதிகம் உள்ள ஊரில் எப்போதும் தொட்டிதான் குற்றவாளி ஆகும்.

இந்த மூன்று எண்களே கதையின் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்குதான் சோதனை: நீர் சேமிப்புக்கும் குடம்பிக்கும் உண்மையில் தொடர்பே இல்லாதிருந்தும் இப்படி ஓர் இடைவெளி தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்பைத்தான் பி மதிப்பு என்கிறோம்.

தொடர்பு இல்லை என்ற சூனியக் கருதுகோள் உண்மையானால் மூன்று நிரையிலும் அதே 25 வீதம் இருக்கவேண்டும். அப்படியானால் எதிர்பார்க்கை மீடிறன்கள், அதாவது ஒவ்வொரு கலத்திலும் நிற்கவேண்டிய எண்ணிக்கைகள், குடம்பி நிரலில் 20, 17.5, 22.5; இல்லை என்ற நிரலில் 60, 52.5, 67.5. ஒவ்வொரு கலத்திலும் அவதானித்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கித்து, எதிர்பார்த்ததால் வகுத்துக் கூட்டுங்கள். 3.20, 1.07, 0.70, 0.23, 5.88, 1.96, மொத்தம் 13.04; இதுவே கை வர்க்கம். சுயாதீனப் பாகை, நிரைகளில் ஒன்று குறைத்ததையும் நிரல்களில் ஒன்று குறைத்ததையும் பெருக்கியது: 2. பி மதிப்பு 0.0015. ஒரு தடவையாவது இதைக் கையால் செய்து பாருங்கள். எந்தக் கலம் மொத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்பது விரலுக்குத் தெரியும். இங்கே அது தாங்கி வீடுகளில் குடம்பி குறைந்திருக்கும் கலம்.

பாகை 2 என்பதில்தான் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1900இல் கார்ல் பியர்சன் இந்தச் சோதனையைத் தந்தபோது, கலங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் போதும் என்று கொண்டார். நமது அட்டவணைக்கு அது 5 ஆகும், பி மதிப்பும் 0.023 அளவுக்கு ஏறிவிடும். 1922இல் ரொனால்ட் ஃபிஷர் அதைத் திருத்தினார். நிரைக் கூட்டும் நிரல் கூட்டும் தரவிலிருந்தே எடுக்கப்பட்டவை என்பதால், ஆறு கலங்களில் இரண்டை நிரப்பினால் மற்ற நான்கும் தாமாகவே நிரம்பிவிடும். சுயாதீனமாக அசையக்கூடியவை இரண்டே.

ஆரில் இவ்வளவும் ஒரே வரி. அட்டவணையை ‘கைஸ்க்யூ டெஸ்ட்’ கட்டளைக்குக் கொடுத்து விடையை ஒரு பெயரில் சேமியுங்கள். அப்படிச் சேமிப்பது முக்கியம், ஏனெனில் திரையில் வரும் மூன்று எண்களுக்குப் பின்னால் இன்னும் பயனுள்ளவை ஒளிந்திருக்கின்றன. ‘எக்ஸ்பெக்டட்’ எதிர்பார்க்கை மீடிறன்களைத் தரும். ‘எஸ்டிடிரெஸ்’ நியமமாக்கிய எச்சங்களைத் தரும்: ஒவ்வொரு கலமும் எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை ஒரே அளவுகோலில் காட்டுபவை. நமது உதாரணத்தில் குடம்பி நிரலின் எச்சங்கள் தொட்டிக்கு 2.53, பீப்பாய்க்கு 1.15, தாங்கிக்கு −3.54. 2ஐத் தாண்டுவதைக் கவனிக்கலாம், 3ஐத் தாண்டுவதை உறுதியாகப் பேசலாம். ஆகவே தொடர்பின் பெரும் பங்கு மூடிய தாங்கியில் குடம்பி குறைவு என்பதில் இருக்கிறது. பீப்பாய் பற்றி இந்தத் தரவு திடமாக எதையும் சொல்லவில்லை. ‘பாத்திர வகைக்கும் குடம்பிக்கும் தொடர்பு உண்டு’ என்று முடித்துவிடும் அறிக்கைகள் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிடுகின்றன. வீட்டுக்காரருக்குத் தேவையானது அந்த வேறுபாடுதான்.

தொடர்பின் வலிமைக்கு 1946இல் கிராமர் தந்த வி அளவு: கை வர்க்கத்தை வீடுகளின் தொகையால் வகுத்து, அதையும் நிரை, நிரல் இரண்டில் குறைந்ததிலிருந்து ஒன்று கழித்ததால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். இங்கே 13.04ஐ 240ஆல் வகுத்த வர்க்கமூலம், 0.23. இரு நிரல் அட்டவணைக்கு 0.1 சிறியது, 0.3 நடுத்தரம், 0.5 பெரியது என்ற கோஹனின் வழக்கத்தை எடுத்துக்கொண்டால் இது சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடையே நிற்கிறது. ‘விசிடி’ பொதியின் ‘அசொக்ஸ்டாட்ஸ்’ இதைக் கணித்துத் தரும். வி ஏன் வேண்டும் என்றால், அதே விகிதங்களோடு 2,400 வீடு பார்த்தால் கை வர்க்கம் 130.4 ஆகிவிடும், வி அதே 0.23. பி மதிப்பு சிறுத்துக்கொண்டே போவது தொடர்பு வலுத்ததால் அல்ல, வீடுகள் கூடியதால்.

சத்தமில்லாமல் நடக்கும் இரண்டு பிழைகள்

எண்ணிக்கைக்குப் பதிலாக நூற்றுவீதத்தைக் கொடுப்பது முதலாவது. 35, 30, 12 என்றும் 65, 70, 88 என்றும் கொடுத்தால் ஆர் மறுக்காது. மொத்தம் 300 வீடு என்று நம்பிக்கொண்டு 15.34 என்ற விடையைத் தரும். விடை நம்பும்படியாக இருப்பதுதான் ஆபத்து.

இரண்டாவது, குறியீட்டு நிரல்களை அட்டவணையாக்காமல் நேரடியாகக் கொடுப்பது. பாத்திரம் 1, 2, 3 என்றும் குடம்பி 1, 2 என்றும் பதிந்த இரண்டு நிரல்களையும் ஒரு தரவுச் சட்டமாக வெட்டிக் கொடுத்தால், அந்தக் குறியீடுகளையே மீடிறன்களாக எடுத்து 240 நிரை 2 நிரல் அட்டவணைக்குச் சோதனை செய்யும். சுயாதீனப் பாகை 239 என்று வந்தால் இது நடந்துவிட்டது என்று அர்த்தம். பாகையை முதலில் வாசிக்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை ஒரு நொடிக்கு மேல் உயிர்வாழாது.

இதோடு சேர்த்து ஒன்று: வகைகளை வடிகட்டியபின் வெறுமையான வகை ஃபேக்டருக்குள் தங்கிவிடும். அதோடு அட்டவணை போட்டால் பூச்சிய நிரை வந்து விடை ‘நான்’ என்று, அதாவது எண் அல்ல என்று, திரும்பும். ‘ட்ரொப்லெவல்ஸ்’ போட்டால் தீர்ந்தது.

வீடுகள் குறைவாக இருக்கும்போது

வெருகல் பக்கம் ஒரு சிறு கிராமத்தில் 20 வீடு மட்டும் பார்த்திருக்கிறோம் என்று கொள்வோம். தொட்டி வைத்த 9 வீட்டில் 6இல் குடம்பி. தாங்கி வைத்த 11 வீட்டில் 2இல் குடம்பி. இந்த ஒரே அட்டவணைக்கு மூன்று பி மதிப்புகள் வரும்: திருத்தம் இல்லாத கை வர்க்கம் 0.028, யேட்ஸ் திருத்தத்தோடு 0.081, ஃபிஷரின் துல்லியச் சோதனை 0.065. 0.05இற்குக் கீழே வந்தால் தொடர்பு உண்டு என்ற வழக்கமான கோட்டை வைத்து மட்டும் பார்ப்பவருக்கு ஒன்று ‘உண்டு’ என்கிறது, இரண்டு ‘இல்லை’ என்கின்றன.

எதிர்பார்க்கை மீடிறன்கள் 3.6, 5.4, 4.4, 6.6. கை வர்க்கப் பரம்பல் தொடர்ச்சியான வளைகோடு. நமது எண்ணிக்கையோ முழு எண்களில் தாவித் தாவிப் போவது. எண்ணிக்கை பெரிதானால் தாவல் தெரியாது, இருபதில் நன்றாகத் தெரியும். 1934இல் யேட்ஸ் அந்த இடைவெளியை ஈடுசெய்ய ஒவ்வொரு வேறுபாட்டிலும் 0.5 கழிக்கச் சொன்னார். ஆர் இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு மட்டும் கேட்காமலே இதைச் செய்யும். கையால் கணித்தது ஆரோடு ஒத்துவரவில்லை என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ‘கரெக்ட்’ தெரிவை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் ஒத்துவரும். பைதன் மொழியின் சைபை பொதி தரும் கட்டளையும் சுயாதீனப் பாகை 1 ஆனால் இதே திருத்தத்தைத் தானாகப் போடும்.

ஃபிஷரின் வழி வளைகோட்டை விட்டுவிடுகிறது. நிரை, நிரல் கூட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு சாத்தியமான அட்டவணைகள் எல்லாவற்றையும் எண்ணுகிறது. 20 வீட்டில் 8 குடம்பி வீடுகளைத் தெரிய 125,970 வழிகள். நமது அட்டவணையும் அதைவிட அல்லது அதேயளவு அரிதானவையும் சேர்ந்து 8,160 வழிகள். வகுத்தால் 0.065. சிறு மாதிரிக்கு நான் இதையே எடுப்பேன். எதை எடுப்பதென்று தரவைப் பார்க்குமுன் எழுதிவைக்கவேண்டும். மூன்றையும் ஓட்டிவிட்டுப் பிடித்ததைப் பொறுக்குவது சோதனை ஆகாது.

ஆர் எந்த ஒரு கலத்திலாவது எதிர்பார்க்கை மீடிறன் 5இற்குக் குறைந்தாலே எச்சரிக்கும். அந்தச் சிவப்பு வரியைக் கண்டு பெரிய அட்டவணையைக் கைவிட வேண்டியதில்லை. 1954இல் கொக்ரன் தந்த விதி இன்னும் தாராளமானது: கலங்களில் 80 வீதமாவது 5ஐ எட்டவேண்டும், எதுவும் 1இற்குக் கீழே போகக்கூடாது. கவனிக்கவேண்டியது எதிர்பார்க்கை மீடிறனை. அவதானித்த கலத்தில் பூச்சியம் இருப்பது தன்னளவில் குற்றம் அல்ல.

11 பிரிவுகளையும் மூன்று பாத்திர வகைகளையும் குறுக்கே போட்டால் 33 கலங்கள். கோமரங்கடவல, மொறவெவ, பதவி ஸ்ரீபுர போன்ற பிரிவுகளில் சில வீடுகளே மாதிரியில் வந்திருந்தால் கொக்ரன் விதியும் உடையும். அப்போது ‘ஃபிஷர் டெஸ்ட்’ நினைவக இடம் போதவில்லை என்று நின்றுவிடக்கூடும். இரண்டு வழிகள் உண்டு. பிரிவுகளை, தரவைப் பார்க்காமல், அர்த்தமுள்ள காரணத்தால் சேர்ப்பது ஒன்று: கரையோரம், உள்நாடு, குழாய் நீர் உள்ளது, கிணற்று நீர் மட்டும். பி மதிப்பு இறங்கும்வரை சேர்த்துப் பார்ப்பது கூடவே கூடாது. மற்றது, ‘சிமுலேட் பி வேல்யூ’ தெரிவு. இது கூட்டுகளை மாற்றாமல் எழுந்தமானமாக 2,000 அட்டவணைகள் உருவாக்கி ஒப்பிடும். 2,000 என்பது இயல்பான அளவு, அதனால் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 2,001இல் ஒன்று, 0.0004998. இந்த எண் அறிக்கையில் வந்தால் அது தரவின் குணம் அல்ல, ஓட்டத்தின் எல்லை. 99,999 என்று கூட்டுங்கள். எழுந்தமான எண்களின் தொடக்கத்தை நிலைப்படுத்தும் ‘செட் சீட்’ போட்டுவிட்டு ஓட்டினால் நாளை ஓட்டினாலும் அதே விடை வரும்.

மூன்றாவது மாறி

துண்டுப்பிரசுரம் கிடைத்த 100 வீட்டில் 25இல் குடம்பி. கிடைக்காத 100 வீட்டில் 16இல் குடம்பி. பிரசுரம் கொடுத்தால் நுளம்பு பெருகுமா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கே முதலில் போவார் என்று கேட்டுப் பாருங்கள். நுளம்பு அதிகம் உள்ள இடத்துக்குத்தான் போவார்.

நெருக்கமான குடியிருப்பில் பிரசுரம் கிடைத்த 80இல் 24 (30 வீதம்), கிடைக்காத 20இல் 8 (40 வீதம்). ஐதான குடியிருப்பில் கிடைத்த 20இல் 1 (5 வீதம்), கிடைக்காத 80இல் 8 (10 வீதம்). இரண்டு இடத்திலும் பிரசுரம் கிடைத்த வீடே மேல். கூட்டிச் சேர்த்ததும் திசை தலைகீழாகிவிட்டது. இரண்டு மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு சோதிப்பவர் இதைக் காணவே முடியாது.

1959இல் மான்டெலும் ஹேன்செலும் தந்த வழி ஒவ்வொரு அடுக்கையும் (இங்கே நெருக்கமான குடியிருப்பு, ஐதான குடியிருப்பு) தனியே வைத்துக்கொண்டு ஒரு பொது விடை எடுக்கிறது. ஆரில் ‘டேபிள்’ கட்டளைக்குப் பிரசுரம், குடம்பி, குடியிருப்பு என்ற வரிசையில் மூன்று மாறிகளைக் கொடுத்து, விடையை ‘மான்டெல்ஹேன் டெஸ்ட்’டுக்கு அனுப்புங்கள். அடுக்கு மாறி மூன்றாவதாகவே நிற்கவேண்டும். வரிசை மாறினால் வேறு கேள்விக்கு விடை வரும். சேர்த்த அட்டவணையில் வாய்ப்பு விகிதம் (1ஐ விடக் கூடினால் பிரசுரம் கிடைத்த வீடுகளில் குடம்பி அதிகம், குறைந்தால் குறைவு) 1.75, அடுக்கு பிரித்தபின் 0.6. பி மதிப்பு 0.39 அளவில். அதாவது பிரசுரம் உதவியது என்றும் இந்த 200 வீட்டை வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் கெடுத்தது என்ற முடிவுக்கு இருந்த அடித்தளம் போய்விட்டது.

அதே வீடுகளுக்கு மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை போனால் கை வர்க்கச் சோதனை பொருந்தாது. ஒரு வீடு இரண்டு முறை எண்ணப்படுகிறது. அதற்கு 1947இன் மக்னெமர் சோதனை. மாறாத வீடுகளை விட்டுவிட்டு மாறியவற்றை மட்டும் பார்க்கிறது. 30 வீட்டில் குடம்பி போய்விட்டது, 12 வீட்டில் புதிதாக வந்தது என்றால், 18இலிருந்து 1 கழித்து வர்க்கித்து 42ஆல் வகுக்க 6.88, பி மதிப்பு 0.009. வகைகளுக்கு இயல்பான ஒழுங்கு இருந்தால், உதாரணமாக நீர் வாரத்தில் தினமும் வருகிறது, சில நாள் வருகிறது, அரிதாக வருகிறது என்றிருந்தால், ‘ப்ரொப் ட்ரென்ட் டெஸ்ட்’ அந்த ஒழுங்கைப் பயன்படுத்தும். கை வர்க்கம் நிரைகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அதே விடையையே தரும், ஆகவே படிப்படியான ஏற்றத்தை அது உணராது.

எல்லாச் சோடிகளையும் ஒரே ஓட்டத்தில்

வினாக்கொத்தில் 12 வகை மாறிகள் இருந்தால் 66 சோடிகள். ‘கோம்ப்என்’ கட்டளைக்கு மாறிப் பெயர்களையும் 2 என்ற எண்ணையும் கொடுத்தால் 66 சோடிகளும் பட்டியலாகும். ஒவ்வொரு சோடிக்கும் அட்டவணை போட்டு, சோதித்து, ஒரு நிரை எழுதவேண்டும். அந்த நிரையில் பி மதிப்பு மட்டும் போதாது. பயன்பட்ட வீடுகளின் தொகை, மிகச் சிறிய எதிர்பார்க்கை மீடிறன், கை வர்க்கம், பாகை, வி ஆகியவையும் இருக்கட்டும். விடுபட்ட பதில்கள் மாறிக்கு மாறி வேறுபடுவதால், ஒரு சோடியில் 238 வீடும் இன்னொன்றில் 151 வீடும் இருக்கலாம். தொகையை எழுதாவிட்டால் அது யாருக்கும் தெரியவராது. படிவமே கட்டிவைத்த சோடிகளை முன்கூட்டியே நீக்குங்கள். ‘குழாய் நீர் உண்டா?’ என்பதும் ‘உண்டு எனில் எத்தனை நாள்?’ என்பதும் தொடர்புள்ளவை என்று சோதித்து அறிய வேண்டியதில்லை.

66 சோடியில் ஒன்றிலுமே தொடர்பு இல்லாதிருந்தாலும் 0.05 மட்டத்தில் சராசரியாக 3.3 சோடிகள் ‘தொடர்பு உண்டு’ என்று வந்து நிற்கும். ‘பி அட்ஜஸ்ட்’ கட்டளை இதற்காகத்தான். 1979இன் ஹோம் முறை ஒரு பொய்த் தொடர்பு கூட நுழையாமல் காவல் நிற்கப் பார்க்கிறது. 1995இன் பென்யமினி-ஹொக்பெர்க் முறை, கண்டதாகச் சொல்பவற்றில் பொய்யானவற்றின் பங்கைக் கட்டுப்படுத்துகிறது. துழாவித் தேடும் முதல்கட்ட ஆய்வுக்கு இரண்டாவது பொருத்தம், செலவு செய்து நடவடிக்கை எடுக்கப்போகும் முடிவுக்கு முதலாவது.

நமது பாத்திர அட்டவணையையே எடுங்கள். பி மதிப்பு 0.0015. இந்த ஒரு கேள்விக்காகவே களத்துக்குப் போனோம் என்றால் அது அப்படியே நிற்கும். 66 சோடிகளையும் துழாவி மிகச் சிறியதாக அகப்பட்டது இதுதான் என்றால் ஹோம் முறையில் 66ஆல் பெருக்கி 0.097 ஆகிவிடும். எண்கள் ஒன்றே, கேள்வி எப்போது பிறந்தது என்பதே வேறுபாடு. ஆகவே முக்கிய கேள்வியைத் திகதியோடு எழுதி, கள வேலைக்கு முன் மேற்பார்வையாளரிடம் கொடுத்து வைப்பது பயனுள்ள பழக்கம்.

இறுதியாக மாதிரி எடுத்த விதம். 240 வீடு என்பது 12 கிராம அலுவலர் பிரிவில் 20 வீடு வீதம் எடுத்ததென்றால், ஒரே பிரிவு வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்: அதே கிணற்று மட்டம், அதே வடிகால், அதே குப்பை வண்டி. அந்த ஒற்றுமை 0.1 என்றால் வடிவமைப்பு விளைவு (மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) 1 + 19 × 0.1, அதாவது 2.9, 240 வீடு சுமார் 83 வீட்டின் பலத்துக்குச் சுருங்குகிறது. சேமிக்கும் விதமும் பிரிவுக்குப் பிரிவு அப்படியே ஒன்றாக இருந்தால், கை வர்க்கம் 13.04இலிருந்து 4.5 அளவுக்கு இறங்கி பி மதிப்பு 0.1ஐத் தாண்டிவிடும். இது மோசமான எல்லை. ஒரே பிரிவுக்குள் மூன்று வகைப் பாத்திரமும் கலந்திருந்தால் இழப்பு குறைவு. உண்மை எங்கே நிற்கிறது என்பதை ‘சர்வே’ பொதி கணித்துத் தரும். ‘எஸ்விஒய் டிசைன்’ கட்டளையில் பிரிவைக் கொத்தாக அறிவித்துவிட்டு ‘எஸ்விஒய் கைஸ்க்யூ’ ஓட்டினால், ராவும் ஸ்கொட்டும் தந்த திருத்தம் தானாகவே சேரும். இரண்டு வரி கூடுதல் வேலை.

பிரதேச செயலகத்துக்கோ சுகாதார வைத்திய அதிகாரிக்கோ கொடுக்கும் பக்கத்தில் நான் எழுதக்கூடிய வாக்கியம் இது: ‘பார்வையிட்ட 240 வீடுகளில், திறந்த சீமெந்துத் தொட்டி உள்ள 80இல் 28இலும் (35 வீதம்), பீப்பாய் உள்ள 70இல் 21இலும் (30 வீதம்), மூடியுள்ள தாங்கி உள்ள 90இல் 11இலும் (12 வீதம்) குடம்பி காணப்பட்டது; கை வர்க்கம் 13.04, சுயாதீனப் பாகை 2, பி மதிப்பு 0.0015, கிராமர் வி 0.23, பூட்டியிருந்த வீடுகள் சேர்க்கப்படவில்லை.’ கொத்து மாதிரி என்றால் திருத்திய பி மதிப்பு முதலில் வரும். அட்டவணை அதன் கீழே எண்ணிக்கைகளோடு முழுதாக இருக்கட்டும், ஆர் கட்டளைக் கோப்பும் பதிப்பு எண்ணும் இணைப்பில் இருக்கட்டும். வாசிப்பவர் விரும்பினால் 3.20இலிருந்து 1.96 வரை தானே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.